யாருடைய காயத்தில் யாருடைய மன்னிப்பு?

கரடியனாறுப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்னச் சபை ஒன்றில் அண்மையில் வாலிபர் கூட்டம் நடந்தது. தலைப்பு, 'கடினமான மனிதர்களிடம் இரக்கம் காட்டுவது எப்படி?' எங்களில் ஐந்து பேர் போயிருந்தோம். பாஸ்டர் நல்லாத்தான் கதைத்தார். குடிச்சிட்டு வந்து சத்தம் போடுற அயலவன், எதைச் செய்தாலும் குறை சொல்லுற மாமியார், வேலைத்தளத்தில் எரிஞ்சு விழுற மனேஜர் என்று பட்டியல் போட்டார். பொறுமையாக இருங்கள், ஜெபியுங்கள், சிரித்த முகம் காட்டுங்கள், ஆண்டவர் அவர்களை மாற்றுவார் என்றார்.

முடிகிற நேரம் பின்வாங்கில் இருந்த மாமி ஒருவர் எழும்பினார். "என்ட மகனக் கூட்டிட்டுப் போனவங்களும் இந்தக் கணக்கில வருவாங்களா பாஸ்டர்?"

"ஓம் அம்மா, அவங்களும்தான். மன்னிச்சாத்தான் உங்களுக்குச் சமாதானம்."

மாமி அதுக்குப் பிறகு ஒண்டும் பேசல்ல. போய் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கிவிட்டார். நாங்களும் ஒண்டும் பேசல்ல. வெட்கம் அதுதான்.

பதுளை வீதியால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதுதான் எங்களுக்குள் சண்டை தொடங்கியது. பாஸ்டர் சொன்னதில் என்ன பிழை, பைபிளும் அதைத்தானே சொல்லுது என்றான் ஒருவன். அந்தத் தாயிடம் அப்படிச் சொல்ல அவருக்கு யார் அதிகாரம் குடுத்தது என்றாள் இன்னொருத்தி. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. வந்து நிற்கிற இடம் வரைக்கும் எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. எங்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவர்கள். மிச்சப்பேர் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு நிற்கிறவர்கள். ஆகவே இது கிறிஸ்தவத்துக்கு எதிரான கட்டுரை என்று யாரும் ஓடிவர வேண்டாம். இரக்கம் வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. எங்கட சண்டை, இரக்கத்தைக் கீழே கிடக்கிறவர்களிடம் மட்டும் வசூலிக்கிற பழக்கத்தோடு.

யோசிச்சுப் பாருங்க. அடி வாங்குற மனுசிக்குத்தான் பொறுமை பற்றிய பிரசங்கம். அடிக்கிறவன் முன்வாங்கிலேயே இருந்தாலும் அவனுக்கென்று ஒரு பிரசங்கம் வருவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குத்தான் மன்னிப்புப் பாடம். கொண்டு போனவனுக்கு மன்னிப்புக் கேட்கிற பாடம் எங்கேயும் நடப்பதாகத் தெரியவில்லை. 'கடினமான மனிதர்' என்ற சொல்லே இதற்கு வசதி செய்து கொடுக்கிறது. எந்நேரமும் புறுபுறுக்கிற புருசனையும் கையை முறிக்கிற புருசனையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடுகிறது. முதலாமவன் தொல்லை. இரண்டாமவன் செய்வது குற்றம். தொல்லையைப் பொறுத்துப் போகலாம். குற்றத்தைப் பொறுத்துப் போகச் சொல்கிறவர், குற்றம் செய்தவன் பக்கம்தான் நிற்கிறார். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

உடனே மறு கன்ன வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சரி, அதைச் சொன்னவர் தான் அறை வாங்கியபோது என்ன செய்தார்? யோவான் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் சேவகன் ஒருவன் அவரை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. தான் பேசியதில் பிழை இருந்தால் அதைக் காட்டும்படியும், பிழை இல்லையென்றால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் அந்த இடத்திலேயே கேட்கிறார். கன்னம் வீங்கியிருக்கும்போதே காரணம் கேட்டவரைப் பின்பற்றுகிற ஆக்கள், மாமி கேட்ட ஒரு கேள்விக்கு ஏன் இப்படிப் பதறுகிறோம்?

அப்போஸ்தலர் 16இல் இன்னொரு சம்பவம். பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் பகிரங்கமாக அடித்து, கால்களைத் தொழுவில் மாட்டிச் சிறையில் போடுகிறார்கள். இரவில் நிலம் அதிர்ந்து கதவுகள் திறந்துவிடுகின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்த சிறைக்காவலன் தற்கொலை செய்யப் போகிறான். பவுல் சத்தம் போட்டு அவனைத் தடுக்கிறார். தன் கால்களை மாட்டிவைத்தவனுடைய உயிரைக் காப்பாற்றுகிறார். இது இரக்கம். பிரசங்கங்கள் வழக்கமாக இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆனால் கதை விடியும் வரைக்கும் போகிறது. அடிக்கச் சொன்ன அதிகாரிகள், சத்தமில்லாமல் விட்டுவிடச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். பவுல் போகமாட்டேன் என்கிறார். ஊருக்கு முன்னால் அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். அவர்களும் வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. ராத்திரி இரக்கம் காட்டியதும் விடிய நியாயம் கேட்டதும் ஒரே ஆள்தான். எங்களுக்கு மட்டும் ஏன் பாதிக் கதை?

எங்கட தலைமுறையையும் விட்டுவைக்க மாட்டோம். சபை எல்லாரையும் பொறுத்துக்கொள்ளச் சொன்னால், நாங்கள் எல்லாரையும் 'டொக்சிக்' என்று சொல்லி புளொக் பண்ணுகிறோம். அடிக்கிறவனை விட்டு விலகுவது வேறு, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அலுப்புத் தருகிற பெரியப்பா, மாற்றுக் கருத்துள்ள சிநேகிதி, பழைய பிழை ஒன்று செய்த பொடியன் எல்லாரும் ஒரே பட்டனில் காணாமல் போகிறார்கள். இதிலும் அதே பெட்டிதான். தொல்லைக்கும் குற்றத்துக்கும் வித்தியாசம் பார்க்கிற வேலையை நாங்களும் செய்வதில்லை.

இனி மட்டக்களப்பில் இருந்துகொண்டு தவிர்க்க முடியாத விசயத்துக்கு வருவோம்.

எங்கட ஊருக்கு வெடிச் சத்தம் புதிது இல்லை. 2010 செப்டெம்பர் 17 அன்று, வீதி வேலைக்கென்று கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை சீயோன் தேவாலயச் செய்தி வந்தபோது எங்கட வீடுகளில் பெரியவர்கள் முதலில் நினைத்தது அதைத்தான். ஆனால் இது விபத்து இல்லை. முப்பது பேரளவில் செத்தார்கள். அவர்களில் 14 பேர் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து வளவில் நின்ற பிள்ளைகள்.

அந்தச் சபையின் போதகர் றொஷான் மகேசன் சில நாட்களிலேயே வெளிப்படையாகச் சொன்னார், வேதனையும் கோபமும் இருக்கிறது, ஆனாலும் குண்டு கொண்டு வந்தவனையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்று. உலகம் முழுக்க அது செய்தியானது. எங்களுக்கு அதை விமர்சிக்கிற தகுதி இல்லை. அது அவர்களின் காயம், அவர்கள் குடுத்த மன்னிப்பு. சொந்தக் கணக்கில் இருந்து எடுத்துக் குடுத்தது. அதனால்தான் அதற்கு அத்தனை பாரம் இருந்தது.

எங்கட கோபம், அந்த மன்னிப்பை எடுத்துத் தங்கட வேலைக்குப் பாவித்தவர்கள் மேல். அவர்களே மன்னிச்சிட்டாங்க, இன்னும் ஏன் கிளறுறீங்க என்று கேட்டவர்கள் மேல். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விக்கு மன்னிப்பு பதில் ஆகாது. கத்தோலிக்கர்கள் இதைத் தெளிவாகவே செய்தார்கள். 2020 உயிர்த்த ஞாயிறன்று தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று சொன்ன அதே கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் காலத்தில்தான், 2021 மார்ச் 7ஐ கறுப்பு ஞாயிறாக அனுஷ்டித்து நீதி கேட்டார்கள். வழக்கும் நடந்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொல்லி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைச் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. மன்னித்தவர்கள் வழக்குப் போட்டது முரண்பாடு இல்லை. பிலிப்பியில் ராத்திரியும் விடியலும் முரண்படவில்லையே.

உண்மையைத் தேடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கட படுவான்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 30 அதிகாலை வவுணதீவு காவலரணில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். மாவீரர் நாள் முடிந்து மூன்றே நாள். சந்தேகப்பட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். உண்மையில் அதைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று வெளியே வந்தது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு. அந்த மனிதர் 2019 மே மாதம்தான் வீட்டுக்கு வந்தார்.

இதில் எங்களுக்குத் தெரிவது இதுதான். சமூகம் ஏற்கனவே ஒதுக்கி வைத்திருக்கிற ஆளைக் குற்றவாளியாக்குவது மிகச் சுலபம். அவனுக்காகக் கதைக்க யாரும் வரமாட்டார்கள். அவன் 'கடினமான மனிதன்'. அவன் மேல் யாராவது கொஞ்சம் இரக்கம் வைத்து, இவன்தான் செய்தானா என்று நிதானமாகக் கேட்டிருந்தால், உண்மையான கொலையாளிகளைத் தேடுகிற வேலை ஐந்து மாதம் முந்தித் தொடங்கியிருக்கும். இரக்கம் என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நினைக்கிறவர்கள் வவுணதீவை யோசிக்க வேண்டும். அங்கே கண்ணை மூட வைத்தது வெறுப்பு. இரக்கம் இருந்திருந்தால் ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள்.

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டு நாங்கள் தப்ப முடியாது. அதே வேலையை நாங்களும் செய்தோம்.

ஏறாவூரில் இருந்து மோட்டார் சைக்கிளில் உடுப்பு மூட்டை கட்டிக்கொண்டு எங்கட ஊருக்கு ஒரு நானா வருவார். எங்கட முதல் பள்ளிக்கூடச் சட்டை, அக்காமாரின் சாறி, தீபாவளி உடுப்பு, நத்தார் உடுப்பு எல்லாம் அவரிடம்தான். காசு தவணைக்கு. மழை பெய்யாமல் வயல் காய்ந்த வருசம் கேட்காமலே தள்ளிப் போடுவார். 2019 மே மாதம் அவர் வந்தபோது ஒரு படலையும் திறக்கவில்லை. ஒழுங்கை முடக்கில் நின்ற பொடியன்களில் ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினான். மற்றவர்கள் சிரித்தோம். ஓம், சிரித்தோம். அப்போது நாங்கள் ஓ.எல். படிக்கிற வயசு. முஸ்லிம் கடையில் சாமான் வாங்க வேண்டாம் என்று வட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் பத்துப் பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். நானா வண்டியைத் திருப்பினார். அதுக்குப் பிறகு வரவே இல்லை. எங்கட அம்மாமார் அவருக்குக் கட்ட வேண்டிய தவணைக் காசு அப்படியே நிற்கிறது.

சஹ்ரான் கூட்டத்தின் கையால் முதலில் அடிபட்டது முஸ்லிம்களேதான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. 2017 மார்ச் 10 அன்று காத்தான்குடி அலியார் சந்தியில் சூபி வழி முஸ்லிம்களை அவர்கள் தாக்கினார்கள். அதன் பிறகுதான் சஹ்ரான் தலைமறைவானான். உயிர்த்த ஞாயிறுக்கு ஐந்து நாள் கழித்து சாய்ந்தமருதில் அவனுடைய குடும்பத்தார் பதுங்கியிருந்த வீட்டைச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். இந்த உண்மைகள் எதுவும் எங்கட வட்ஸ்அப் குறூப்புகளில் வரவில்லை.

2019 ஓகஸ்ட் கடைசியில், குண்டு வெடிக்க வைத்தவனுடைய உடற்பாகங்களைக் கள்ளியங்காடு இந்து மயானத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஊர் கொதித்தது. ஆர்ப்பாட்டம், கண்ணீர்ப்புகை, கைது. செத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கும் ஆறடி மண் வேண்டும் என்று எங்களில் சிலர் வாதிட்டோம். இப்போதும் அதில் உறுதியாக இருக்கிறோம். ஆனால் அந்த மக்களின் கோபத்தைச் சும்மா மதவெறி என்று தள்ளவும் எங்களால் முடியாது. இது மாமிக்கு நடந்த அதே கதை. காயப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் பேரில் இரக்கத்தை எடுத்துச் செலவழித்தது. கேட்டிருந்தால் ஒருவேளை குடுத்திருப்பார்கள். குடுக்காமலும் விட்டிருப்பார்கள். அது அவர்களின் உரிமை.

அடுத்த வருசம் கொரோனா வந்தது. முஸ்லிம்களின் ஜனாஸாக்களை வலுக்கட்டாயமாக எரித்தார்கள். 2020 டிசெம்பரில் பிறந்து 20 நாளான பிள்ளையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரைக்கும் நடந்த பேரணி, தமிழரின் கோரிக்கைகளோடு இந்த எரிப்பையும் நிறுத்தச் சொன்னது. எங்கட ஆக்கள் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது இடம் குடுத்தது எங்கட மாவட்டத்தின் ஓட்டமாவடி. மஜ்மா நகரில் 3,600க்கும் மேற்பட்டவர்களை அடக்கினார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். ஆனால் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் அதே மண்ணில்தான் கிடக்கிறார்கள். நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பாடசாலையில் படம் வரைந்து படித்த நாங்கள், அந்தச் சமாரியன் எந்த ஊர்க்காரன் என்று இனியாவது யோசிக்கலாம்.

இரண்டு பக்கமும் கணக்கு இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள். செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனத்தை, குழந்தைகளையும் சேர்த்து, வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். ஒன்றைச் சொன்னால் மற்றதைத் தூக்கிக் காட்டுவதுதான் இதுவரை எங்கட வழக்கம். மன்னிப்பு எங்கட காயத்துக்கு மட்டும்தான் எங்கட கையில் இருக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்பது, எங்கட பேரில் நடந்த எல்லாவற்றுக்கும் எங்கட கையில் இருக்கிறது. மன்னிப்பதைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருக்கிறோம். மன்னிப்புக் கேட்பதைப் பற்றி எத்தனை கேட்டோம்? சகேயு வரி வசூலில் சுரண்டியவன். இயேசு கேள்வி கேட்காமல் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார், அது இரக்கம். ஆனால் அந்தச் சாப்பாட்டோடு சகேயு எழும்பி, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் குடுக்கிறேன் என்றான். இரக்கம் வேலை செய்ததற்கு அடையாளம் அந்த நாலு மடங்கு. எங்கட ஊர்ப் பிரசங்கங்களில் சாப்பாடு வருகிறது, திருப்பிக் குடுப்பது வருவதில்லை.

இதெல்லாம் நடக்காத காரியம் என்பவர்களுக்கு, மட்டக்களப்பில் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இருந்து வந்து இங்கேயே வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஹரி மில்லர் அடிகளார், காணாமல் போனவர்களின் விபரங்களை வருசக்கணக்காக எழுதி வைத்தார். அவரோடு சமாதானக் குழுவில் இருந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞனோடு காணாமல் போனார். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த அதே மாதம். இரக்கம் என்றால் சிரித்த முகம் மட்டும்தான் என்றால் அவர் வீட்டில் இருந்தே சிரித்திருக்கலாம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகு மாமியின் வீட்டுக்குப் போனோம். அன்று பேசாமல் இருந்ததுக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தேத்தண்ணி ஊத்தித் தந்துவிட்டுச் சொன்னார்.

"மன்னிக்க மாட்டன் எண்டு நான் சொல்லல்லயே மனே. ஆர மன்னிக்கிற எண்டுதானே கேட்டன். பேர் தெரியா. எங்க கொண்டு போனாங்க, என்ன செஞ்சாங்க, ஒண்டும் தெரியா. வெறும் வெளியப் பாத்து மன்னிச்சன் எண்டு சொல்லச் சொல்றாங்களா?"

பாஸ்டருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதை மாமி சொல்லி முடித்துவிட்டார். பேரும் உண்மையும் இல்லாமல் மன்னிப்பு நடக்காது. அவரை மன்னிக்கச் சொல்கிற ஒவ்வொருவரும், அந்தப் பேரைத் தேடித் தருகிற வேலையில் முதலில் கூட நிற்க வேண்டும். அதற்கு மனம் இல்லாதவர்கள் தயவுசெய்து இந்தத் தலைப்பில் பிரசங்கம் பண்ண வேண்டாம்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அம்மாமாரிடம் பழைய தவணைக் கொப்பிகளைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறோம். வருகிற சனிக்கிழமை ஏறாவூருக்குப் போய் நானாவின் வீட்டைக் கேட்டுப் பிடிக்க வேண்டும். காசைக் குடுக்கலாம். அன்று சிரித்ததுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவர் எங்களைப் படலைக்கு வெளியே நிறுத்தினாலும் நாங்கள் குறை சொல்ல முடியாது.

அடுத்த வாலிபர் கூட்டத்துக்கும் போவோம். இந்த முறை முன்வாங்கில் இருப்போம். மாமிக்குப் பதிலாக நாங்களே கேள்வி கேட்போம். கோப்பையும் நாங்களே கழுவுவோம்.